கரண்ட் போனாப் பிறகும் ஓடுற மெசினை மறந்து எழுதாதேங்கோ

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ட தொழில்நுட்பப் பக்கத்தில நின்டெண்டோ ஸ்விட்ச் 2 பற்றி கால் பக்கம் போட்டிருந்தியள். எங்கட பேப்பர் ஒண்டு கேம் மெசினுக்கு இவ்வளவு இடம் குடுத்ததைப் பாக்க உண்மையாவே சந்தோசமா இருந்தது. ஆனா அதில இருந்தது ஸ்கிரீன் எவ்வளவு பெரிசு, ரீவியில போட்டா 4கே எண்ட கூடத் தெளிவான படம் வருமோ, விலை எத்தினை டொலர் எண்டது மட்டும்தான், பற்றரி எத்தினை மணித்தியாலம் நிக்கும் எண்டதுக்கு ஒரு வரி இல்லை. யாழ்ப்பாணத்துச் சனம் வாசிக்கிற பேப்பரில அந்த வரி விடுபட்டது எனக்குச் சரியாப் படேல்ல, அதுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், இடம் காணாட்டி வெட்டிப் போடுங்கோ, பற்றரிக் கதையை மட்டும் விட்டு வையுங்கோ.

நான் முதல் முதலா ஒரு கேம் மெசினைக் கையில தொட்டது 2002 நல்லூர்த் திருவிழா நேரம். ஏ9 பாதை திறந்த வருசம் அது, லண்டனில இருந்து பெரியம்மாவின்ட மகன் குடும்பத்தோட வந்து நிண்டவர், அவரின்ட பெடியனுக்கு பதினொரு வயசு, கையில ஊதாக் கலர் கேம் போய் அட்வான்ஸ். அந்த மெசினின்ட ஸ்கிரீனுக்குள்ள லைட் கிடையாது, அதால அவன் காலமை எழும்பின உடன விறாந்தைக்கு வந்து தூணோட சாய்ஞ்சு வெய்யில் படுற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். நான் அப்ப ஏஎல் படிக்கிற ஆள், பக்கத்தில குந்தியிருந்து பாத்தனான். எனக்குப் பெரிசாப் பட்டது அதுக்குள்ள ஓடின மரியோ இல்லை, ரெண்டு சின்ன டபிள் ஏ பற்றரியைப் போட்டா உது பதினைஞ்சு மணித்தியாலம் ஓடும் சித்தப்பா எண்டு அவன் சொன்னதுதான்.

அந்த வயசில எங்களுக்கு அது ஏன் அப்பிடிப் பட்டதெண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குச் சொன்னாலும் விளங்குமோ தெரியாது. 1990ல குடாநாட்டுக்கு கரண்ட் நிண்ட பிறகு நாங்கள் வளந்தது ஜாம் போத்தல் விளக்கில. பாட்டுக் கேக்கவேணுமெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவால ரேடியோவை ஓட்டினனாங்கள், ஒருத்தர் சுத்த மற்றவை கேக்கிறது. பற்றரி அப்ப தடைசெய்த சாமான், வடக்குக்குக் கொண்டுவர ஏலாது, ஒரு டோர்ச் பற்றரி கிடைச்சா அது செத்த பிறகும் வெய்யிலில காயவைச்சு திருப்பிப் போட்டுப் பாக்கிறது. அப்பிடி வளந்த ஒருத்தனுக்கு ரெண்டு பற்றரியில ஒரு முழு விளையாட்டு எண்டது சும்மா விசயம் இல்லை ஐயா. அண்டைக்கு இருந்து இண்டை வரைக்கும் நான் ஒரு கேம் மெசினைப் பாத்தா முதல் கேக்கிற கேள்வி இது சுவரில குத்தாம எவ்வளவு நேரம் ஓடும் எண்டதுதான்.

இந்தக் கேள்வியை கொம்பனிக்குள்ளேயே கேட்ட மனுசன் ஒருத்தர் இருந்தவர், குன்பெய் யோகோய், நின்டெண்டோவில கேம் போயைச் செய்த ஆக்களுக்குத் தலைவர். கேம் போய் 1989ல வந்தபோது அதில கலர் இல்லை, ஸ்கிரீன் பச்சையும் கறுப்புமா மங்கல், அந்தக் காலத்திலயே அது பழைய தொழில்நுட்பம். ஆனா அவரின்ட கொள்கையே அதுதான், எல்லாருக்கும் பழகின, மலிஞ்சு போன சாமானை எடுத்து வேற விதமாப் பாவிக்கிறது. அடுத்த வருசம் சேகா கொம்பனி கேம் கியர் எண்டு கலர் ஸ்கிரீனோட வடிவான மெசின் ஒண்டு விட்டது, ஆறு பற்றரி போடவேணும், மூண்டு தொடக்கம் அஞ்சு மணித்தியாலத்தில சரி. கேம் போய்க்கு நாலு பற்றரி, அதைவிடக் கனநேரம் வரும். கடைசியில கேம் போயும் அதின்ட கலர் மொடலும் சேர்ந்து வித்தது 118 மில்லியனுக்கு மேல. சனம் வடிவை விட்டிட்டு பற்றரியைத் தெரிஞ்செடுத்தது எண்டுதான் நான் இதை விளங்கிக்கொள்ளுறன்.

இப்ப நான் சொல்லவந்த விசயத்துக்கு வாறன். ரீவிக்கு ஒரு மெசின், கையில பிடிக்க ஒரு மெசின் எண்டு ரெண்டையும் செய்யிற கொம்பனிக்கு எப்பவும் ஒரு கஷ்டம் இருக்கு, கேம் செய்யிற ஆக்கள் எண்ணிக் கணக்கானவை, அவை எந்த மெசினுக்கு வேலை செய்யிறது? ரெண்டு அடுப்பிலயும் உலை வைச்சிட்டு ஒரு ஆள் நிண்டா ஒண்டை ஊதேக்க மற்றது நூந்து போகும். நின்டெண்டோவின்ட கணக்கைப் பாத்தா இது நல்லா விளங்கும். ரீவி மெசினில என்இஎஸ் வித்தது 61 மில்லியன், பிறகு சுப்பர் நின்டெண்டோ 49, நின்டெண்டோ 64 வந்தபோது 32, கேம்கியூப் வெறும் 21 மில்லியன். இப்பிடி ரீவிப் பக்கம் படிப்படியா இறங்கேக்க கொம்பனியைத் தாங்கினது கையில பிடிக்கிற மெசின்தான், கேம்கியூப் 21 வித்த அதே காலத்தில கேம் போய் அட்வான்ஸ் 81 மில்லியன். 1996ல போக்கிமொன் எண்ட கேம் வந்து, முடிஞ்சுது எண்டு நினைச்ச கேம் போயைத் திருப்பி எழுப்பினது. அப்பிடியிருந்தும் பெரிய மேடையில கொண்டுவந்து காட்டுறது எப்பவும் ரீவி மெசினைத்தான், உழைக்கிற பிள்ளை ஒண்டு, போட்டோவில முன்னுக்கு நிக்கிற பிள்ளை வேறொண்டு எண்ட மாதிரி.

2004ல டிஎஸ் எண்டு கையில பிடிக்கிற புது மெசின் வந்தபோது கேம்கியூப், கேம் போய் அட்வான்ஸ் ரெண்டோடயும் சேர்ந்து இது மூண்டாவது தூண் எண்டு சொன்னவை. தூண் எண்டா மூண்டும் நிக்கவேணும்தானே. டிஎஸ் ஓடத் தொடங்கின உடன 2005ல கேம் போய் மைக்ரோவோட கேம் போய் எண்ட பேரே முடிஞ்சு போச்சு. டிஎஸ் 154 மில்லியன் வித்தது, நல்ல மெசின், நான் குறை சொல்லேல்ல, ஆனா அப்ப அட்வான்சை வேண்டி ஒரு வருசமும் ஆகாத பிள்ளையளுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்ல.

அடி விழுந்தது 2011லதான். டிஎஸ்சுக்கு அடுத்த மெசின் 3டிஎஸ் பெப்ரவரியில 25,000 யென்னுக்கு வந்து ஓடாமல் நிண்டு, ஓகஸ்டில 15,000 ஆக்க வேண்டி வந்தது. தலைவர் சதோரு இவாத்தா தன்ர சம்பளத்தைப் பாதியாக் குறைச்சவர், முதல் விலைக்கு வேண்டின ஆக்களுக்கு பழைய கேம் 20 இலவசமாக் குடுத்தவை, அது மரியாதையான வேலை எண்டு நான் நினைக்கிறன். பேந்து கையில இருந்த நல்ல ஆக்களையெல்லாம் 3டிஎஸ்சைக் காப்பாத்த விட்டினம், நவம்பரில ஒரு மரியோ, டிசம்பரில மரியோ கார்ட் 7 எண்ட காரோட்டக் கேம், மெசின் எழும்பிட்டுது. ஆனா அதுக்குள்ள மற்ற அடுப்பு நூந்து போச்சு. 2012 கடைசியில வந்த ரீவி மெசின் வீ யூவுக்கு முதல் மாதங்களில கேமே இல்லை, 2013 ஜனவரியில இவாத்தாவே வீடியோவில வந்து மன்னிப்புக் கேட்டவர். வீ யூ தன்ர ஆயுள் முழுக்க வித்தது 13 மில்லியனும் சொச்சமும். 2014ல ஸ்மாஷ் பிரதர்ஸ் எண்ட சண்டைக் கேமை ரெண்டு மெசினுக்கும் ரெண்டு தரம் செய்தவை, ஒரே விளையாட்டு, ஒரே சண்டை, வேலை மட்டும் இரட்டிப்பு.

இவாத்தா இதுக்குச் செய்த மருந்து என்னெண்டா, 2013ல கையில பிடிக்கிற மெசினைச் செய்யிற பிரிவையும் ரீவி மெசினைச் செய்யிற பிரிவையும் ஒண்டாக்கினது. அதின்ட பலனா ஸ்விட்ச் 2017 மார்ச்சில வந்தபோது அவர் உயிரோட இல்லை, 2015 ஜூலையில காலமாகிட்டார். ஒரு மெசின், ரீவிக்குக் கீழ செருகினா ரீவியில ஓடும், உருவி எடுத்தா கையில ஓடும், கேம் ஒருக்காச் செய்தாக் காணும். வீ யூவுக்கு வந்த அதே மரியோ கார்ட் 8 அங்க 8 மில்லியன் சொச்சம்தான் வித்தது, ஸ்விட்சுக்கு மாத்திப் போட்டாப் பிறகு 60 மில்லியனைத் தாண்டினது. கேமில பெரிய வித்தியாசம் இல்லை, படுக்கையில, பஸ்ஸில, முற்றத்தில விளையாட விட்டதுதான் வித்தியாசம். 2019ல சுவோர்ட், ஷீல்ட் எண்ட ரெண்டு கேமோட போக்கிமொனின்ட புதுத் தலைமுறையும் முதல் தரமா ரீவிக்கும் வந்து சேர்ந்தது.

சோனி செய்ததை நினைச்சா எனக்கு இப்பவும் ஆறேல்ல. பிஎஸ்பி 2004ல வந்து 70 மில்லியனுக்கு மேல வித்த, கையில பிடிக்கிற மெசின், ஜப்பானில மொன்ஸ்டர் ஹன்டர் விளையாட பெடியள் ஸ்டேசனில கூடி நிண்ட காலம் அது. அதுக்குப் பிறகு 2011 டிசம்பரில வீட்டா வந்தது, ஓலெட் ஸ்கிரீன், ரெண்டு அனலொக் ஸ்டிக், பின்பக்கத்திலயும் தொட்டு விளையாடுற பலகை, அந்த நேரத்தில அதை அடிக்க வேற மெசின் கிடையாது. ஆனா மெமரி காட் தங்கடது மட்டும்தான் போடலாம் எண்டு வைச்சவை, 32 ஜிபி காட் அமெரிக்காவில 100 டொலர், மெசினே 250 டொலர். மொன்ஸ்டர் ஹன்டரை கப்கொம் கொம்பனி 3டிஎஸ் பக்கம் கொண்டு போட்டுது. 2013ல ரீவி மெசின் பிஎஸ்4 வந்த உடன சோனியின்ட சொந்த ஸ்டூடியோக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிட்டினம். கிராவிட்டி ரஷ் எண்டு ஒரு கேம், வீட்டாவுக்கெண்டே செய்தது, மெசினைச் சரிச்சுச் சரிச்சு ஆகாயத்தில விழுந்து போறது, அதின்ட ரெண்டாம் பாகம் பிஎஸ்4ல மட்டும். டியர்அவே எண்டு கடதாசி உலகத்து கேம், விரலாலயே விளையாடச் செய்தது, அதையும் பிறகு பிஎஸ்4க்கு மாத்தினவை. வித்த எண்ணிக்கையையும் தனியாச் சொல்லுறதை நிப்பாட்டி பிஎஸ்பியோட சேத்துச் சொல்லத் தொடங்கினவை, ஒரு பிள்ளையின்ட மார்க்சை மற்றப் பிள்ளையின்ட ரிப்போட்டில சேத்து எழுதுறது மாதிரி.

2015ல சோனியின்ட ஷூஹெய் யோஷிடா, போன் விளையாட்டுப் பரவினதால இந்த மாதிரி மெசினுக்கு இப்ப காலநிலை நல்லா இல்லை எண்ட கருத்தில சொன்னவர். அதில உண்மை இல்லை எண்டு நான் சொல்லேல்ல. கொப்பி அடிச்ச கேம் பிஎஸ்பியை அரிச்சதும் உண்மை, எங்கட ஊரிலயும் ஒறிஜினல் டிஸ்க்கைக் கண்ட ஆக்கள் குறைவு, அந்தப் பொறுப்பை நாங்களும் ஏற்கவேணும். ஆனா அவர் அதைச் சொல்லி ரெண்டு வருசம் முடிய முதல் ஸ்விட்ச் வந்தது, இப்ப 150 மில்லியனைத் தாண்டி நிக்குது. அப்ப காலநிலையில பிழை இல்லை, தண்ணி ஊத்தாமல் விட்ட மரம்தான் பட்டது. வீட்டாவை கடைசி வரை உயிரோட வைச்சிருந்தது ஜப்பானில இருக்கிற சின்னச் சின்ன கொம்பனியளும் தனியாளாக் கேம் செய்யிற பெடியளும்தான், 2019ல உற்பத்தியே நிண்டுது.

அதுக்குப் பிறகு 2023 நவம்பரில சோனி திருப்பி ஒரு கையில பிடிக்கிற மெசின் விட்டது, போர்டல் எண்டு பேர், 200 டொலர். ஆசையோட வாசிச்சுப் பாத்தா, வீட்டில பிஎஸ்5 இருக்கவேணும், அது கரண்டில இருக்கவேணும், வைஃபை வேணும், அதில இருந்து வாற படத்தைக் காட்டுறதுதான் இதின்ட வேலை. பிறகு கிளவுடில, அதாவது நெட் வழியா சோனியின்ட கொம்பியூட்டரில இருந்து எடுக்கிற வழியும் குடுத்தவை, அதுக்கு மாதச் சந்தாவும் நல்ல நெட்டும் வேணும். லண்டனில ஒரு வீட்டில அப்பா ரீவி பாக்கேக்க மகன் மேல்மாடியில விளையாட அது நல்ல சாமான், நான் மறுக்கேல்ல. எங்கட வீட்டில கரண்ட் போனா பிஎஸ்5உம் நிக்கும், ரவுட்டரும் நிக்கும், போர்டல் ஒரு கண்ணாடித் துண்டு. பற்றரி உள்ளுக்கு இருந்தாக் காணாது ஐயா, விளையாட்டும் உள்ளுக்கு இருக்கவேணும்.

2022 மார்ச் கடைசியை நீங்கள் மறந்திருக்க மாட்டியள், 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. டொலர் 200 ரூவாயில இருந்து 360க்குப் போன காலம், பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. என்ட வீட்டில ஒரு ஸ்விட்ச் இருந்தது, 2020 தைப்பொங்கலுக்கு ரொரன்ரோவில இருந்து வந்த மச்சான் தந்திட்டுப் போனது, 2019ல பற்றரியைக் கூட்டி விட்ட மொடல், நாலரை தொடக்கம் ஒம்பது மணித்தியாலம் எண்டு கொம்பனி போட்டிருக்கு. கரண்ட் வாற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள போன், எமேர்ஜென்சி லைட், ஸ்விட்ச் மூண்டையும் சார்ஜில குத்திப்போடுவன். பின்னேரம் ஒழுங்கைப் பிள்ளையள் ஆறேழு பேர் விறாந்தைக்கு வருவினம், மெசினை ஒரு முக்காலியில நிமித்தி வைச்சு, பக்கத்தில இருக்கிற ரெண்டு கொன்ட்ரோலரையும் கழட்டி ஆளுக்கொண்டாப் பிடிச்சு மரியோ கார்ட் ஓடுவினம், தோத்த ஆள் எழும்பி மற்ற ஆளுக்குக் குடுக்கவேணும். என்ட மகளுக்கு அப்ப ஏழு வயசு, இருட்டுக்குப் பயந்த பிள்ளை, அந்த ரெண்டு மாதத்தில அந்தப் பயம் போனது அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சுத்தி சனம் இருந்ததாலதான். அந்த மெசின் கேக் மாதிரி ஒரு ஆடம்பரம் எண்டு எனக்கு ஒருத்தர் அப்ப சொன்னவர். எங்கட விறாந்தையில வந்து ஒரு பின்னேரம் இருந்திருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார்.

இதையெல்லாம் மனசில வைச்சுக்கொண்டு உங்கட ஸ்விட்ச் 2 செய்தியை வாசிச்சா எனக்கு என்ன தோன்றும் எண்டு பாருங்கோ. ரெண்டு மெசினை ஒண்டாக்கினதால சண்டை முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான், இப்ப அது மெசினுக்குள்ளேயே வந்திட்டுது. புது மெசினின்ட ஸ்கிரீன் பெரிசு, உள்ளுக்கு இருக்கிற சிப் பலமானது, ரீவியில 4கே வரைக்கும் போகும், ஆனா பற்றரி கொம்பனியே சொல்லுற கணக்கில ரெண்டு தொடக்கம் ஆறரை மணித்தியாலம். நாலரையில தொடங்கின இடத்தில இப்ப ரெண்டில தொடங்குது. பலத்தையும் படத்தின்ட வடிவையும் கூட்டினவை, அதுக்கு விலை குடுத்தது ஆர் எண்டா சுவரில குத்தாமல் விளையாடுற ஆள். ரீவிப் பக்கம் ஆக்கள் ரெண்டு படி ஏற கைப்பக்கம் ஒரு படி இறங்கினது. அதோட கேம் கீ காட் எண்டு ஒண்டு வந்திருக்கு, காட்டைச் செருகினாலும் கேம் அதுக்குள்ள இல்லை, நெட்டில இருந்து இறக்கவேணும், மாதம் முடியமுதல் டேட்டா முடியிற வீடுகளில அது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விசயம், இதைப் பற்றி ஆரும் எழுதிறதைக் காணேல்ல. எங்கட ஊருக்கு வாற மெசின் அநேகமா அங்க பழசானது. ரொரன்ரோவில, பரிசில, லண்டனில பிள்ளையளுக்குப் புதுசு வேண்டின உடன பழசு பார்சலில இஞ்ச வரும், இஞ்ச அது புதுசு. அதால ஒரு கொம்பனி பழைய மெசினை எவ்வளவு காலம் பாக்கும் எண்டது அங்க இருக்கிற ஆக்களைவிட எங்களுக்குத்தான் முக்கியம். 3டிஎஸ்சின்ட ஒன்லைன் கடையை 2023 மார்ச் 27ல மூடினவை, ஒரு வருசத்துக்கு முதலே சொல்லித்தான் மூடினவை எண்டது வேற. ஆனா அது ஏற்கெனவே நாட்டுப் பூட்டுப் போட்ட மெசின், கனடாவில வேண்டின 3டிஎஸ்சுக்கு லண்டன் மாமா அனுப்புற கேம் காட் ஓடாது, அப்ப கடையும் மூடினா அந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம்? சோனியும் 2021ல பிஎஸ்3, வீட்டா, பிஎஸ்பி மூண்டின்ட கடையையும் மூடப்போறம் எண்டு அறிவிச்சு, சனம் கத்தின பிறகு பிஎஸ்3யையும் வீட்டாவையும் விட்டுவைச்சவை, பிழையான முடிவு எண்டு தலைவரே ஒத்துக்கொண்டவர். கத்தினா நடக்கும் எண்டு அதில இருந்து தெரியுது, ஆனா யாழ்ப்பாணத்தில இருந்து ஆர் கத்தினது?

கொம்பனியளிட்ட நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு, பால்மாப் பக்கெட்டில திகதி போடுற மாதிரி மெசின் பெட்டியிலயும் இந்தத் திகதி வரைக்கும் இதுக்கு கேமும் கடையும் இருக்கும், பற்றரி மாத்த ஏலும் எண்டு போடுங்கோ, அதுக்குக் குறைஞ்சு நிப்பாட்டாதேங்கோ. ஸ்விட்ச் லைட் எண்டு கையில மட்டும் ஓடுற மொடலை 2019ல விட்டது மாதிரி, ஸ்விட்ச் 2க்கும் ஸ்கிரீன் சின்னனாகி பற்றரி கூடின ஒண்டைச் செய்யுங்கோ, 4கே இல்லாட்டிலும் பரவாயில்லை.

உங்களிட்டக் கேக்கிறது அதைவிடச் சுகம். அடுத்த முறை ஒரு மெசின் பற்றி எழுதேக்க விலைக்குப் பக்கத்தில பற்றரி நேரத்தையும் போடுங்கோ, வேற நாட்டுக் காட் ஓடுமோ, நெட் இல்லாமல் விளையாடலாமோ எண்டதையும் எழுதுங்கோ. வெளிநாட்டில இருக்கிற எங்கட சொந்தங்களும் இப்ப உங்கட பேப்பரை ஒன்லைனில வாசிக்கினம், பார்சல் கட்ட முதல் அவைக்கு அது தெரிஞ்சா நல்லம், காட் ரெண்டையும் சேத்து வைச்சு அனுப்புவினம், சார்ஜரை மறக்காயினம்.

அந்தப் பக்கத்தை எழுதுற தம்பி விரும்பினா என்ட ஸ்விட்சை உங்கட ஒபிசுக்குக் கொண்டு வந்து காட்டவும் எனக்குச் சம்மதம். 2022ல இருந்து பற்றரி எவ்வளவு நேரம் நிக்குதெண்டு ஒரு சிஆர் கொப்பியில எழுதிக்கொண்டு வாறன், பிரைட்னஸ் பாதி, வைஃபை ஓஃப், மரியோ கார்ட். அப்ப அஞ்சு மணித்தியாலம் பத்து நிமிசம் நிண்டது, போன கிழமை பாத்தபோது நாலு மணித்தியாலம் இருபது நிமிசம்.

இப்படிக்கு,
திருநெல்வேலியில இருந்து உங்கட வாசகன்